தாத்தா வேஷம் கட்டிய எங்கள் அப்பா

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் எங்கள் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள்?

கையைத் தூக்க வேண்டாம். எனக்கே ஏழெட்டுப் பேரைத் தெரியும். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் வாங்கப் போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் என் வணக்கம்.

எழுதுவதற்கு முன் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய நினைவு மலர்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எல்லோரும் பிறந்ததிலிருந்தே சாந்தமானவர்கள். கோபப்பட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. இவ்வளவு நல்லவர்கள் இருந்த ஊரில் இத்தனை போலீஸ் ஸ்டேஷன் எதற்குக் கட்டினார்கள் என்று புரியவில்லை. அப்பாவைப் பற்றியும் அப்படியே எழுதச் சொன்னார் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"ஏளா, ஊரு பூரா படிக்கும். அடிச்ச கதையெல்லாம் எதுக்கு? நல்லத மட்டும் எழுதி முடி" என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே மாமாவுக்குப் பதில் சொன்னார்.

"அடிச்சத எழுதலன்னா, அடிக்காம இருந்தத எவம்ல நம்புவான்?"

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். பிரஸ்காரர் இன்று சாயங்காலத்துக்குள் மேட்டர் வேண்டும் என்கிறார். போனில் கட்டைவிரலால் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் பிறந்தார். பெற்றோர் இருவருக்கும் உப்பளத்தில் வேலை. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்பு வரை. அதற்கு மேல் போகாததற்கு வறுமை பாதிக் காரணம். மீதிக் காரணம், அடித்த வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கி இரண்டாக உடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தது. மறுநாளிலிருந்து உப்பளம். உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நின்று பாதம் வெடித்து, வெடித்த இடத்தில் மறுபடி உப்புத் தண்ணீர். வெயில் மேலே இருந்தும் அடிக்கும், வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பிலிருந்து எகிறிக் கண்ணிலும் அடிக்கும். இருபது வயதில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர், இருபத்தைந்தில் அதே லாரிக்கு டிரைவர். அளத்திலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கும் பாக்கெட் போடும் கம்பெனிகளுக்கும் ஓட்டினார். கடைசிவரை அதுதான் வேலை.

நல்ல குணங்களைச் சொல்லாமல் விட்டால் மாமா கோபித்துக்கொள்வார். அப்பா குடிக்கமாட்டார். பொய் சொல்லத் தெரியாது. வழியில் யாராவது தலைச்சுமையோடு நடந்துபோனால் வண்டியை ஓரங்கட்டி ஏற்றிக்கொள்வார். மூட்டை தூக்கும்போது யாருக்காவது இடுப்புப் பிடித்தால், டிரைவர் என்கிற கெத்தெல்லாம் பார்க்காமல் இறங்கி அவருடைய மூட்டைகளையும் ஏற்றிவிடுவார்.

கோபம் வந்தால் அதே கை அடிக்கும். டீயில் சர்க்கரை குறைந்ததற்கு மாஸ்டரை அடித்திருக்கிறார். ரிவர்ஸ் சரியாகப் பார்க்காத கிளீனரை அடித்திருக்கிறார். பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளையை இடித்தவனை அடித்தது நியாயம் என்று வைத்துக்கொண்டாலும், அவனை அடித்த வேகத்தில் தடுக்க வந்த கண்டக்டரையும் சேர்த்து அடித்ததற்கு என்ன சொல்வது? அடித்த பத்தாவது நிமிடம் மன்னிப்புக் கேட்பார். அதற்குள் வாங்கியவருக்குக் கன்னம் வீங்கியிருக்கும்.

அம்மாவையும் அடித்தார்.

அம்மா புதுக்கோட்டைக்காரர். பிளஸ் டூ முடித்தவர், தையல் தெரியும், தினமும் பேப்பரை மடிப்பு விடாமல் படிப்பவர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மூன்று முறை அடி வாங்கினார். இதைப் பற்றி அம்மா என்னிடம் ஒரே தடவைதான் பேசியிருக்கிறார்: "குடிச்சிட்டு அடிச்சாவன்னா குடி மேல பழியப் போட்டுட்டு நானும் இருந்திருப்பேன். அவிய தெளிவா இருந்துல்லா அடிச்சாவ."

மூன்றாவது முறைக்குப் பிறகு, எட்டு மாதப் பெண் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டார். கூட்டிப் போக மாமா வந்தார். வாசலில் வாக்குவாதம். அப்பா மாமாவுக்கும் ஒன்று வைத்தார். மாமாவின் முன்பல் ஒரு ஓரத்தில் உடைந்தது. மாமா சிரிக்கும்போது பாருங்கள், இப்போதும் தெரியும்.

வீட்டில் ஆள் இல்லாமல் ஆனபிறகுதான் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. புதுக்கோட்டைக்குப் பெரியவர்களை இரண்டு முறை அனுப்பினார். அம்மா அசையவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்து ஆண்கள் செய்வதைத்தான் செய்தார். குலசை முத்தாரம்மனிடம் போய், பெண்டாட்டி பிள்ளை வீடு திரும்பினால் தசராவுக்கு வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அதன் பிறகு நினைத்துப் பார்த்தாராம், 'திரும்பினால்' என்று பேரம் பேசுவது அம்மனுக்குப் பிடிக்காமல் போனால்? முதலிலேயே கட்டிவிடுவது என்று முடிவுசெய்து மாலை போட்டுவிட்டார்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தசராவுக்கு நாற்பத்தொரு நாள் மாலை போட்டு விரதம் இருப்போம். கொடியேறியதும் கையில் காப்புக் கட்டி வேஷம் போட்டு, செட்டு செட்டாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசி நாளில் கோவிலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். காளி, எமன், குறத்தி, குரங்கு, போலீஸ் என்று என்ன வேஷம் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் அது நாடகம் இல்லை. காப்புக் கட்டி வேஷம் போட்டவர் காலில் பெற்ற தாயே விழுந்து திருநீறு வாங்குவார்.

அப்பா கேட்டது காளி வேஷம். செட்டுத் தலைவர் அண்ணாச்சி, இன்றைக்கும் அந்த செட்டை நடத்துகிறவர், விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

"ஒனக்குக் காளியா? வேஷம் போடாமலே நீ காளிதாம்ல. சூலத்தையும் கையில குடுத்தா ஊரு தாங்காது."

"பெறவு என்னதான் அண்ணாச்சி கட்டட்டும்?"

காளிக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. எமனுக்கு எருமைத் தலை செய்யவேண்டும். ராஜாவுக்கு உடுப்பு தைக்கவேண்டும். அப்பாவிடம் அப்போது வேட்டி மட்டும்தான் சுத்தமாக இருந்தது. அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சொன்னாராம்.

"ஏலே, நோட்டுல இருக்காருல்லா, தாத்தா. அவரு வேஷம் கட்டு. ஒரு வேட்டி, ஒரு கம்பு, ஒரு கண்ணாடி. தலைய மழிச்சா சோலி முடிஞ்சி. அவரும் உப்பு அள்ளினவரு, நீயும் உப்பு அள்ளினவன்."

அப்பா ஒப்புக்கொண்டதற்குப் பக்தி காரணமில்லை. தேசப்பற்றும் இல்லை. சுலபமான வேஷம், அவ்வளவுதான். ஆறடி உயரம், மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோள், கறுத்த உடம்பு. முதல் நாள் பார்த்த காளி வேஷக்காரர், "என்னண்ணே, நோட்டுல உள்ளவரு ஒல்லியால்லா இருப்பாரு! நீங்க ரெண்டு நோட்ட ஒட்டுன மாதிரி இருக்கிய" என்றாராம்.

மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு முறை உண்டு. காளி கட்டினால் இப்படி நடக்கவேண்டும், எமன் கட்டினால் இப்படிப் பேசவேண்டும் என்று செட்டில் எல்லோருக்கும் தெரியும். தாத்தா வேஷத்துக்கு என்ன முறை? அதுவரை யாரும் அந்த செட்டில் கட்டியதில்லை. செட்டே உட்கார்ந்து விவாதித்தது. பொய் சொல்லக்கூடாது. சரி. கத்தக்கூடாது. சரி. கை ஓங்கக்கூடாது.

"வேஷம் போட்டிருக்க நேரத்துலதான அண்ணாச்சி?" என்று அப்பா கேட்டார்.

"மாலை போட்டாச்சுல்லா? நாப்பத்தோரு நாளும்தான்."

"ஒருத்தன் வந்து அடிச்சா?"

"தாத்தாவ அடிக்காதவனா? அவரு திருப்பியா அடிச்சாரு? வாங்கிக்க."

இது தெரிந்ததும் லாரி கிளீனருக்குக் கொண்டாட்டம். டயருக்குக் காற்றுப் பார்க்காமல் தூங்குவதும், அப்பா முறைத்தால் "மாமோய், மாலை! மாலை!" என்று கத்துவதுமாக முப்பது நாட்கள் ராஜவாழ்க்கை வாழ்ந்திருக்கிறார். அவர் இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறார். நினைவு நாள் பந்திக்கு வாழைத் தோரணம் கட்டப்போவது அவர்தான்.

காப்புக் கட்டி ஊர் சுற்றப் புறப்பட்டதும் வேறு சிக்கல். வேஷம் கட்டியவர் அருள் வந்து குறி சொல்லவேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள். ஒரு தெருவில் ஒரு அம்மாள் காளியை விட்டுவிட்டு நேரே அப்பாவிடம் வந்து, "சாமி, எம் மவனுக்கு ஹார்பர்ல வேலை கெடைக்குமா?" என்று கேட்டார். பொய் சொல்லக்கூடாத வேஷம். அப்பா திருதிருவென்று முழித்தார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாது தாயி" என்றார் அப்பா.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத்தன வருசத்துல உள்ளதச் சொன்ன சாமி இது ஒண்ணுதான்" என்று தட்டில் ஒரு படி அரிசியைக் கொட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் செட்டு புதுக்கோட்டைக்குப் போனது. அம்மா வீட்டுத் தெருவுக்குள்ளும் போனது. அங்கே நடந்ததை மாமா ஒரு மாதிரி சொல்வார், அண்ணாச்சி ஒரு மாதிரி சொல்வார், அம்மா ஒரு மாதிரி சொல்வார். மூவரும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா அந்தத் தெருவுக்குள் வரமாட்டேன் என்றார். அண்ணாச்சி, "வேஷம் கட்டினவனுக்கு மாமியா வீடு, மச்சினன் வீடுன்னு கெடையாது" என்று இழுத்துப் போனார். மேளம் வீட்டு வாசலில் நின்றது. மாமா வெளியே வந்தார். அவருக்கு அப்போது இருபது வயது. வேஷத்துக்குள் இருப்பது யாரென்று அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தெரிந்ததும் படியிலிருந்து இறங்கி வந்து அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். கண்ணாடி தெறித்துக் கீழே விழுந்தது.

அப்பாவின் வலது கை தோள் வரைக்கும் ஏறியது. கம்பு அந்தக் கையில்தான் இருந்தது.

காளி வேஷக்காரர் குறுக்கே பாய்ந்தார். அப்பா கம்பைக் கீழே போட்டார். தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். பூனையைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது என்பார் அம்மா. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியும்வே! இப்ப அடியும், பாப்போம்!" என்று மாமா கத்தினார். உடைந்த பல்லைக் காட்டிக் காட்டிக் கத்தினார். இன்னொரு அறையும் விட்டார். அப்பா மணிக்கட்டை விடவில்லை.

அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளே போய் முறத்தில் அரிசி கொண்டுவந்து காளியின் தட்டில் போட்டார். பிறகு கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அண்ணாச்சி சந்தர்ப்பத்தை விடவில்லை. "தாயி, பாத்தியா, மனுசன் மாறிட்டான். பிள்ளையத் தூக்கிட்டு வந்துரு" என்றார்.

"வேஷம் மாறியிருக்கு அண்ணாச்சி" என்றார் அம்மா. "வேஷத்தோட என்னால குடும்பம் நடத்த முடியாது. காப்பு அவுத்த பெறவு, மாலை இல்லாம, இதே மாதிரி நாப்பத்தோரு நாளு இருக்கட்டும். அப்பம் பாப்போம்."

தசரா முடிந்தது. காப்பு அவிழ்த்தாயிற்று. அந்த இரண்டாவது நாற்பத்தொரு நாள்தான் அப்பா வாழ்க்கையிலேயே கஷ்டமான காலம் என்று நான் நினைக்கிறேன். முதல் நாற்பத்தொரு நாளுக்கு அம்மன் காவல் இருந்தாள், செட்டு இருந்தது, தப்பினால் சாமிகுத்தம் என்கிற பயம் இருந்தது. இப்போது ஒன்றும் கிடையாது. சட்டையும் லுங்கியும் போட்ட பழைய டிரைவர். ஊரே வேடிக்கை பார்த்தது. டீ மாஸ்டர் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தார். மாமா வாரத்துக்கு இரண்டு நாள் சைக்கிளில் தூத்துக்குடி வரை மிதித்து வந்து, அளத்து வாசலில் லாரிக்கு முன்னால் நின்று, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாராம். "வந்துட்டாரு இன்ஸ்பெக்டரு" என்று மூட்டைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் லோடு ஏற்றும்போது மூட்டை தவறி அப்பாவின் பாதத்தில் விழுந்தது. ஏற்கெனவே வெடித்த பாதம். போட்டவர் லாரிக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டார். அப்பா நொண்டிக்கொண்டே போய் லாரிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயில். பின்னால் ஐந்து லாரிகள் ஹாரன் அடித்தன. அரை மணிநேரம் கழித்துத் தொப்பலாக வியர்த்து இறங்கி வந்து, "ஒனக்கு எங்கயும் படலையே?" என்று அந்த ஆளிடம் கேட்டார். அன்றைக்கு மாமா அங்கே இருந்தார். இந்த ஆள் நிஜமாகவே மாறிவிட்டாரோ என்கிற சந்தேகம் முதல்முறையாக மாமா கண்ணில் வந்தது என்று அண்ணாச்சி சொல்வார்.

அந்த நாட்களில்தான் அப்பா படிக்கவும் ஆரம்பித்தார். தாத்தா வேஷம் கட்டியவருக்குத் தாத்தாவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தது உறுத்தியிருக்கிறது. அண்ணாச்சி வீட்டில் அந்தப் பெரிய மனிதர் தன் கதையைத் தானே சொல்லும் புத்தகம் ஒன்று இருந்தது. லோடுக்கு வரிசையில் நிற்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்தார். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது, வெள்ளைக்காரர்களிடம் அடிபட்டது எல்லாம் அப்பாவுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அடிபட்டவர் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. ஒரு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். வெளிநாட்டில் இருந்தபோது, வீட்டு வேலை ஒன்றில் மனைவியோடு சண்டை வந்து, அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தெருக்கதவைத் திறந்து வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார் தாத்தா. கடல் தாண்டி வந்த இடத்தில் நான் எங்கே போவேன் என்று அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டதும் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

அப்பா அந்தப் பக்கத்தை மடக்கிவைத்துக்கொண்டு மறுநாளே புதுக்கோட்டைக்குப் போனார். முப்பத்தெட்டாவது நாள். தெருவில் நின்று புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தார்.

"இந்தப் பக்கத்த மட்டும் படி."

அம்மா நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"படிச்சிட்டேன். அதுக்கு?"

"அவரும் மொதல்ல என்ன மாதிரிதான் இருந்திருக்காரு."

"அந்தம்மாவுக்குப் போக்கிடம் இல்ல. கடல் தாண்டிப் போயி இருந்தாவ. எனக்கு எங்கம்மா வீடு இருக்கு, தம்பி இருக்கான், தையல் மிஷின் இருக்கு. அதனால அவரு கதவச் சாத்தின மாதிரி நீங்க சாத்தாண்டாம். தொறந்து போடுங்க. வரணும்னு தோணுனா நான் வருவேன். போகணும்னு தோணுனா போவேன். ஏன்னு கேக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"எழுதிக் குடுங்க."

அப்பா அந்தப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் புத்தகத்தில் எழுதிவிட்டோமே என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டு வந்தாராம். நாற்பத்திரண்டாம் நாள் காலை டவுன் பஸ்ஸில் அம்மா தனியாக, என்னைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். யாரும் போய்க் கூட்டிவரவில்லை.

அதன் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதினால் அம்மா திட்டுவார். எனக்குத் தெரிந்து அப்பாவின் கை இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இரண்டு தடவையும் பாதியில் நின்று, அந்த மணிக்கட்டு இடது கைக்குள் போய்விட்டது. ஒன்று, லாரியை இடித்துவிட்டுச் சண்டைக்கு வந்த கார்க்காரரிடம். இன்னொன்று என்னிடம். பத்தாம் வகுப்பில் நான் அவரை மரியாதையில்லாமல் பேசியது. என்ன பேசினேன் என்பதை இந்த மலரில் எழுதினால் பிரஸ்காரரே அச்சடிக்கமாட்டார். அப்பா கையை இறக்கிவிட்டு, தாத்தா பாணியில் பட்டினி கிடக்க ஆரம்பித்தார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. ஓர் அறை விட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா தட்டைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடாம கெடந்து பிள்ளைய மெரட்டுறதும் அடிதான். அது உள்ளுக்குள்ள விழுத அடி. சாப்பிடுங்க."

"தாத்தாவும் இப்படித்தான..."

"அவரு வெள்ளைக்காரன்கிட்ட இருந்தாரு. இது ஒம்ம பிள்ள."

தாத்தா தன் ஆசிரமத்துப் பிள்ளைகள் தப்புச் செய்தபோதும் பட்டினி இருந்திருக்கிறார் என்பது நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அதை நான் அம்மாவிடம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டார். நானும் மன்னிப்புக் கேட்டேன். இந்த வரிசையில்தான் நடந்தது.

வேஷம் மட்டும் நிற்கவில்லை. நேர்ந்துகொண்டது ஒரு வருடம், கட்டியது இருபது வருடங்களுக்கு மேல். காளி கட்டச் சொல்லி வாய்ப்பு வந்தபோதும் மறுத்துவிட்டார். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டால் போவார். பிள்ளைகள் கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். "தாத்தா, நீங்க ஏன் இவ்ளோ குண்டா இருக்கிய?" என்று ஒரு பையன் கேட்டதற்கு, "சுதந்திரம் வாங்கின பெறவு நல்லாச் சாப்பிட்டேன்ல" என்று சொன்னாராம். பொய் சொல்லிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒத்துக்கொண்டார்.

அளத்தில் லோடு ஏற்றுகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் தகராறு வந்தால் அப்பாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். தீர்ப்பெல்லாம் சொல்லமாட்டார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார். அவரைத் தாண்டி அடிக்கவேண்டும் என்றால் அவர்மேல் படும். ஒருகாலத்தில் இவரிடம் வாங்கிய ஞாபகம் எல்லோருக்கும் இருந்ததால் யாரும் தாண்டவில்லை. அகிம்சைக்கு இப்படி ஒரு பின்பலம் இருந்தால் நல்லதுதான் என்று நான் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. "அவரு ஒல்லியா இருந்துட்டே செஞ்சாருளா, அதுல்லா விசயம்" என்பார். தேசத்துக்கு அந்தத் தாத்தா என்ன விட்டுப்போனார் என்பதைப் பற்றிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு விட்டுப்போனது கீழே இறங்கிய ஒரு கை. அதை நம்பித்தான் நான் வளர்ந்தேன். ஒரு நாளும் அப்பா வரும் சத்தம் கேட்டுப் பயந்ததில்லை.

போன வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஊசி குத்தி இரண்டு கையும் கறுத்துக் கிடந்தன. மாமாதான் அப்பாவைக் குளிப்பாட்டினார், தூக்கி உட்காரவைத்தார், சவரம் செய்துவிட்டார். கடைசி வாரத்தில் ஒருநாள் மத்தியானம், சவரம் செய்துகொண்டே மாமா அழுதுவிட்டார்.

"அத்தான், காப்புக் கட்டின மனுசன நான் அன்னைக்கு ரெண்டு அடி அடிச்சிட்டேன். இத்தன வருசமா உள்ள கெடந்து அறுக்குது. ஒரு அடி குடுத்துருங்க, ஆறிரும்."

"போடே. ஊசி குத்தின கை. அடிச்சா எனக்குத்தான் வலிக்கும்" என்றார் அப்பா. மாமா மறு கன்னத்துக்குச் சோப்புப் போடும்போது, "ஒன் பல்லு அன்னைக்கு ரொம்ப வலிச்சுதோ மாப்ள?" என்று கேட்டார்.

"வலிச்சுது அத்தான்."

"தெரியும்ல" என்றார். நான்கு நாட்கள் கழித்து, காலை காப்பி குடித்துவிட்டுப் படுத்தவர், அம்மா பேப்பரில் தலைப்புச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டார்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறைய. ஐந்து மாதமும் முறை வைத்து வண்டி ஓட்டி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன லாரி டிரைவர்கள். ரத்தம் கொடுக்க அளத்திலிருந்து உப்புக்காலோடு வந்த அண்ணன்மார். சாப்பாடு கொண்டுவந்து, பாத்திரத்தைத் திரும்ப வாங்காமல் போன எங்கள் தெருக்காரர்கள். அப்பாவின் மெலிந்த கையில் நரம்பு தேடித் தேடிப் பொறுமையாக ஊசி போட்ட நர்ஸ் அக்காமார். இந்த வருடம் தாத்தா வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு ஊர்வலம் போன அண்ணாச்சியின் செட்டு. அப்பாவிடம் அடி வாங்கியும் அவர் கடைசி யாத்திரையில் தோள் கொடுத்தவர்கள். நீங்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் எல்லோருக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. அப்பா கேட்க விட்டுப்போன மன்னிப்பு ஏதாவது இருந்தால் அதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலர் வேலை முடிந்ததும் அம்மாவைப் புதுக்கோட்டைக்கே கூட்டிப்போய்விடுவது என்று மாமா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மாடியில் ஒரு அறைக்கு வெள்ளையடித்தும் வைத்துவிட்டார். இன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்.

"அக்கா, இவளும் ஊருக்குப் போயிட்டா இனி இங்கன யாரு இருக்கா? துணிமணிய எடு, போவோம்."

"அன்னைக்கு ஒன் வீட்டுலருந்து நானாத்தாம்ல வந்தேன்" என்றார் அம்மா. "போகணும்னு தோணுனா நானே போவேன். இப்பம் தோணல."

மாமா தன் பையை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. மணி மூன்றரை. மாமா புதுக்கோட்டை பஸ்ஸில் தனியாக ஏறிவிட்டார்.